உப்புப் பண்டசாலையில் விரித்த புதுநகர்

கரை நிலைக்க. கலங்கள் துறை சேர்க. விளக்கேற்றும் கைகள் எந்த வீட்டிலும் குறையாதிருக்க.

தொல்கரை நாட்டுத் துறைகள் யாவற்றுக்கும் உடையவரும், அலைமுரசும் நாரைக்கொடியும் முன்னோர்பால் பெற்றவரும், குன்றவாயில் அரண்மனையில் வீற்றிருந்து குளிர்காலம் கழிப்பவருமாகிய நெடுவேல் அரையர் திருமுன்பு, மலைநாட்டில் பிறந்து தொல்கரையின் உப்பைத் தின்று நரைத்தவனும், தேவரீர் அளித்த நகர்காண் மந்திரிப் பட்டத்தைச் சுமப்பவனுமாகிய சேந்தன் தலை தாழ்த்தி எழுதும் ஓலை.

அரசியாருக்கு முழங்கால் நோவு தணிந்திருக்க வேண்டுகிறேன். இளவரசருக்குப் பல் முளைக்கிறதென்றும், அந்தக் கோபத்தில் அவைப்புலவரின் விரலைக் கடித்துவிட்டாரென்றும் தூதன் சொல்லக் கேட்டேன். புலவரின் விரலும் நலம் பெறுக. குன்றவாயிலில் பனி மிகுந்திருந்தால் நெய்யில் மிளகு சேர்த்து உண்பது நன்று. குளிரைப் பற்றி மலைநாட்டான் சொல்வதை மட்டுமாவது அவையோர் தட்டாமல் கேட்கலாம்.

இனிச் செய்தி. சென்ற ஓலையில் அடியேன் எழுதியது தவறு. அந்தத் தவற்றை மெய்யென்று நம்பித் தேவரீர் பிறப்பித்த ஆணை இப்போது வேல்களோடும் கடப்பாரைகளோடும் துறைமேட்டில் வந்து இறங்கியிருக்கிறது. அது கை ஓங்குமுன் இவ்வோலை திருக்கையை அடைய வேண்டுமென்று, இருப்பதில் நல்ல குதிரையையும் குறைவாகப் பேசும் ஆளையும் தேர்ந்து அனுப்புகிறேன்.

தேவரீர் அறிந்ததை மீண்டும் சொல்வது பொறுக்க. செந்நீராறு ஒவ்வொரு மாரியிலும் பழைய நகரின் கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. சென்ற மாரியில் கப்பல்காரர் தெரு முழுதும் போயிற்று. குடிகள் யாவரும் வெண்மேட்டில் எழும் புதுநகருக்குப் பெயர வேண்டுமென்று ஆணை வந்தும் ஒருவரும் ஒரு பானையைக்கூட நகர்த்தவில்லை. சோம்பல் என்றார் தலைமைக் கணக்கர். திமிர் என்றார் படைத்தலைவர். அடியேன் மட்டும், அவர்கள் காணாத ஊருக்கு எப்படி ஆசைப்படுவார்கள் என்று கேட்டேன். ஓலையில் கோடு கிழித்துக் காட்டும் நகரத்தைப் புரிந்துகொள்பவர் அரண்மனைக்குள் ஐந்தாறு பேர். அவர்களிலும் இருவர் புரிந்ததுபோல் தலையாட்டுபவர். அந்த நகரில் சோறு பொங்கப் போகிறவர்கள் அதைக் கண்ணால் கண்டு, நடுவில் நடந்து, கையால் தொட்டு, இது எனக்கு ஆகாது, அது எனக்கு ஆகும் என்று சொல்லுமாறு ஓர் இடம் அமைக்க அனுமதி வேண்டினேன். தேவரீர் சிரித்துக்கொண்டே அனுமதி தந்தீர்கள்.

துறை இடிந்தபின் வெறுமையாய்க் கிடந்த உப்புப் பண்டசாலையை அதற்கு எடுத்துக்கொண்டேன். தரை முழுதும் ஆற்றுமணலைப் பரப்பி, வெண்மேட்டின் ஏற்ற இறக்கங்களை அப்படியே வடித்து, தெருக்களைச் சுண்ணாம்பால் வரைந்தேன். வாய்க்கால்களுக்குச் செம்புத்தகடு பதித்தேன். வாய்க்கால் தலைப்பில் குடத்துநீரை ஊற்றினால் அது எந்தத் தெருவில் ஓடி எந்த முற்றத்தில் தேங்கும் என்று கண்கூடாகத் தெரியும். உள்ளங்கை அளவில் ஒரு வண்டி செய்து கயிறு கட்டி வைத்தேன். முட்டுச்சந்தில் வண்டி திரும்புமா என்று யாரும் இழுத்துப் பார்க்கலாம். ஒரு விளக்கைக் கிழக்கிலிருந்து மேற்கே தூக்கிச் சென்றால், எவர் மாடம் எவர் முற்றத்தின் வெயிலை மறைக்கும் என்று நிழலே சொல்லும். நடந்து பார்க்கக் குறுக்கே பலகைகள் போட்டேன். பிறகு, தற்பெருமை என்று கொள்ள வேண்டா, மிக அழகாக, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாண் உயரத்தில் களிமண் வீடு ஒன்று செய்து வெயிலில் உலர்த்தி, அவரவர் வாசலில் தீட்டியுள்ள குலக்குறியை அதன் கூரைமேல் எழுதி, அவரவர் தெருவில் வைத்தேன். மீன்முள் குறியினர் தம் வீட்டை அங்கே காண்பர். உலக்கைக் குறியினர் தம் வீட்டை இங்கே காண்பர். தொட்டு நகர்த்தலாம், விரும்பிய தெருவில் வைக்கலாம் என்று பறையறைந்தேன்.

குடிகள் வந்தார்கள். ஆடவர் தோளில் கிடந்த துணியை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். பெண்கள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டார்கள். ஒருவரும் வண்டியை இழுக்கவில்லை, விளக்கைத் தொடவில்லை. குடத்துநீரை வாய்க்காலில் ஊற்றாமல் தம் குறி எழுதிய வீட்டைச் சுற்றி ஊற்றிவிட்டு, திரும்பிப் பாராமல் போனார்கள். அதைப் பக்தி என்று கொண்டேன். மக்கள் புதுநகரைக் கோயிலாகத் தொழுகின்றனர், இனி அவர்களைப் பெயர்ப்பது எளிது என்று எழுதினேன். தேவரீர் மகிழ்ந்து எனக்குப் பட்டு அனுப்பினீர்கள். வீரர்களை நடத்தும் வேள் கொற்றனுக்கு, தைப்பிறப்பன்று பழைய வீடுகளைப் பிரிக்கத் தொடங்கு என்று ஆணை அனுப்பினீர்கள். அந்தப் பட்டு இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. இவ்வோலையோடு அதையும் திருப்பி அனுப்புகிறேன்.

துறைமுகத்துக் கூலிகளுக்குச் சோறு சமைத்துப் போடும் மாங்கோதை என்பவள் ஒருநாள் உச்சிவேளையில் பண்டசாலைக்குள் வந்தாள். மற்றவரைப்போல் தலையை மூடவில்லை. நேரே என் முன் வந்து நின்று, என் கணவன் உப்புப்படகில் தெற்கே போயிருக்கிறான், அவன் செத்த செய்தி எனக்கு வருமுன் அரண்மனைக்கு எப்படி வந்தது, யார் கொண்டுவந்தது, எந்தக் கடலில் என்று கேட்டாள். குரல் உயரவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் கையிலிருந்த கரண்டியால் மணலில் இருந்த ஒரு களிமண் வீட்டைக் காட்டினாள். கூரையில் அவள் குலக்குறி.

பெருமானே, தேவரீர் இந்நாட்டில் பிறந்தவர்; இதைப் படிக்கும்போதே நெற்றியில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு அவள் சொல்லித்தான் தெரியவேண்டியிருந்தது. தொல்கரையில் ஒருவர் இறந்தால், தாழியில் இட்டுப் புதைக்கும்போது, குலக்குறி தீட்டிய சிறு களிமண் வீடு ஒன்றை உடன் வைப்பார்களாம். செத்தவருக்கு மிக நெருங்கியவர் ஈரமண்ணால் அதன் வாயிலை அடைப்பாராம். உயிரோடு இருப்பவருக்குக் களிமண்ணில் வீடு செய்வது இந்நாட்டில் இல்லையாம். அடியேன் ஒரு நகரம் முழுவதற்கும் செய்து, பெயர்போல் குறியும் எழுதி, வரிசையாக வைத்து, பறையறைந்து வந்து பாருங்கள் என்றேன். வந்தவர்கள் தங்கள் சாவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அரசர் நம்மை என்ன செய்ய நினைக்கிறார் என்பது தெரிந்துவிட்டது என்று வீடுதோறும் பேசிக்கொண்டார்களாம்.

என் எழுத்தர் இருவர் இந்நாட்டவர். நீங்களாவது சொல்லக்கூடாதா என்று கேட்டேன். மன்னர் ஆணையாக இருக்கும் என்று எண்ணி வாய்திறக்கவில்லை என்றார்கள். வாய்திறவாமையில் அவர்கள் மிக வல்லவர். பதவி உயர்வுக்குத் தகுந்தவர்கள்.

மாங்கோதையிடம் உள்ளதைச் சொன்னேன். உன் கணவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை, இது அறியாதவன் செய்த பிழை என்றேன். அவள் மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள். பிறகு என்னைத் திட்டினாள். மந்திரியைத் திட்டுவதற்குரிய சொற்கள் அவை இல்லை என்பதால் இங்கே எழுதவில்லை. கடைசியில், உங்கள் வீட்டம்மாளுக்கு வைத்ததை நீங்கள் பார்த்திருப்பீர்களே, அதைப் பார்த்துமா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டாள்.

அடியேன் பார்க்கவில்லை. என் மனைவி பூங்குழை இறந்தபோது தேவரீரின் தூதனாக மேலைத் தீவில் இருந்தேன். காற்று எதிர்த்தது; திரும்பி வருகையில் எல்லாம் முடிந்து, அடுப்பு மெழுகி, பானைகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. இந்நாட்டுப் பெண்ணை மணந்ததால்தான் இந்நாட்டான் ஆனேன். அவள் போனபின் அவள் உறவினர் வாசலில் என்னைக் கண்டால் மரியாதையாக எழுந்து நிற்பார்கள், உட்காரச் சொல்ல மறந்துவிடுவார்கள். அவளை எப்படிப் புதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அன்று துக்கத்துக்கு வந்தோருக்குச் சோறாக்கியவள் மாங்கோதை. அவள்தான் சொன்னாள். பூங்குழைக்கும் வீடு வைத்தார்கள். வாயிலை அடைக்க வேண்டியவன் கடலில் இருந்தான். அவனிருக்க வேறொருவர் அடைக்கக் கூடாது. ஆகவே திறந்தபடியே வைத்து மண்ணை மூடினார்கள். இன்றும் திறந்தே இருக்கிறது.

அன்று அதற்குமேல் என்னால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. தேவரீரிடம் மறைப்பதற்கில்லை, அழுதேன். மறுநாள் களிமண் வீடுகளை அகற்றச் சொன்னேன். ஏவலர் எவரும் தொடவில்லை. கூடையை நானே எடுத்தேன். பண்டசாலையிலிருந்து ஆற்றுக்கும் ஆற்றிலிருந்து பண்டசாலைக்குமாக நடந்து, ஒரு நகரத்தைச் சிறிது சிறிதாக நீரில் இறக்கினேன். கரை நெடுகக் குடிகள் நின்று பார்த்தார்கள். ஒருவரும் உதவ வரவில்லை, ஒருவரும் போகவும் இல்லை. சுடாத மண்ணாதலால் நீர் பட்டதும் கரைந்தது. தொல்கரையில் இத்தனை காலம் வாழ்ந்தும், இத்தனை பேர் நடுவில் நின்றும், அன்றைப்போல் தனியாக நான் என்றும் இருந்ததில்லை.

பிறகு மணலையும் சுண்ணாம்புக் கோடுகளையும் வாய்க்காலையும் வண்டியையும் மட்டும் வைத்துவிட்டு மீண்டும் பறையறைந்தேன். அவரவர் வீட்டிலிருந்து அன்றாடம் கைபடும் ஒரு பொருளைக் கொண்டுவந்து, அவரவர் குடியிருக்க விரும்பும் இடத்தில் அவரவரே வைக்கலாம் என்றேன். முதலில் மாங்கோதை வந்தாள். கரண்டியைக் கொண்டுவந்து, அடியேன் சந்தைக்கு ஒதுக்கிய இடத்தின் நட்டநடுவில் குத்தி வைத்தாள். சோறு விற்பவள் தெருமுனையிலா உட்காருவாள் என்றாள். எண்ணெய் ஆட்டும் அழிசி அவளுக்கு எதிரே தன் எண்ணெய்க் குடுவையை வைத்தான். செக்கின் கரகரப்பில் என் கடையில் யார் உட்காருவார் என்று அவள் சண்டைக்குப் போனாள். சண்டை தொடங்கியதும்தான் எனக்கு உயிர் வந்தது.

அதன்பின் பண்டசாலை கொள்ளவில்லை. தூண்டில் குண்டு, தறிநாடா, அரிசிப்படி, சலங்கை, கதவுத்தாழ் என்று என்னென்னவோ வந்து நகரமாயின. ஒருவன் தன் மாமியாரின் பாக்குரலைக் கொண்டுவந்து வடகோடித் தெருவில் வைத்துவிட்டுப் போனான். அந்த அம்மாள் மாலையில் வந்து அதை எடுத்து, மருமகனின் அரிவாளுக்கு ஒட்டினாற்போல் வைத்துவிட்டுப் போனாள். பெண்கள் வண்டியை இழுத்துப் பார்த்து மூன்று தெருக்களை அகலமாக்கினார்கள். நீர் ஊற்றிப் பார்த்தபோது வெள்ளம் வண்ணார் தெருவைச் சுற்றிக்கொண்டு நேரே தேவரீரின் அரண்மனைக்கென வரைந்த சுண்ணாம்புக் கட்டத்துக்குள் போயிற்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நகர்த்தலாம் என்றேன். ஒரு கும்பிடு போட்டுவிட்டு அரண்மனையைச் சற்று மேற்கே தள்ளி வரைந்தார்கள். மாலைவெயில் கண்ணில் அடிக்கும். ஆனால் திருவடி நனையாது.

உங்கள் வீடு எங்கே என்று அழிசி என்னைக் கேட்டான். அத்தனை தெருக்கள் வகுத்தவன் தனக்கொரு மனை வைக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கையிலிருந்த எழுத்தாணியைத் தெற்குமூலையில், ஒருவரும் வைக்காமல் விட்டிருந்த வெற்றிடத்தின் ஓரத்தில் நட்டேன். மாங்கோதை வந்து அதைப் பிடுங்கி, தன் கரண்டிக்கும் அழிசியின் குடுவைக்கும் நடுவில் ஊன்றினாள். உயிரோடு இருக்கிறவன் அங்கே வீடு வைக்கலாமா, அங்கே வருவதற்கு நாள் கிடக்கிறது என்றாள். அங்கிருந்து அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. இவ்வோலை இரவல் எழுத்தாணியால் எழுதப்படுகிறது. எழுத்து கோணலாயிருப்பின் காரணம் அதுவே.

அந்தத் தெற்குமூலை எது என்பதைத் தேவரீர் அறிவீர்கள். வரைவில் யானைப் பயிற்சி வெளி என்று குறித்திருக்கும் மேடு. அத்தனை நெருக்கடியிலும் ஒரு குடியும் அங்கே ஒரு துரும்பை வைக்கவில்லை. பலகையில் நடப்பவரும் அதைச் சுற்றியே நடந்தார்கள். ஏன் என்று மாங்கோதையைத் தனியே கேட்டேன். தாழிக்காடு இருக்கும் தென்கரையையும் ஆறு தின்கிறது, சென்ற மாரியில் தாழிகள் மிதந்து போனதை எங்கள் கண்ணால் பார்த்தோம், செத்தவரை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் மட்டும் மேட்டில் போய்ப் பொங்கித் தின்பதா என்றாள். அவர்கள் பெயராதிருப்பது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. காவல் இருக்கிறார்கள்.

கேட்டிருக்கலாமே என்றேன். எப்படிக் கேட்பது என்றாள். முதல் வரைவில் அடியேன் அம்மேட்டைத் தாழிகளுக்கென்று குறித்திருந்தேன். புதுநகரின் முதல் ஒலி தொட்டிலின் ஒலியாக இருக்கட்டும், அங்கே சாவுக்கு இடம் வேண்டா என்று சொல்லி, தேவரீர் திருக்கையால் அதைக் கோடிட்டு அடித்தீர்கள். நல்லெண்ணம்தான். ஆனால் மன்னர் தம் கையால் அடித்ததைத் தொல்கரையில் பிறந்தவர் எவரும் மீண்டும் கேட்பதில்லை, கேட்பது குற்றம். ஆதலால் வாயால் கேளாமல், மணலில் வெற்றிடமாக விட்டுவைத்தார்கள்.

அடியேன் தொல்கரையில் பிறந்தவன் இல்லை. இத்தனை ஆண்டுகளாக விருந்திலும் துக்கத்திலும் நினைவூட்டப்பட்ட அந்தக் குறை இன்றாவது பயன்படட்டும். நான் கேட்கிறேன். அந்த மேட்டைத் தாழிகளுக்குத் தருக. தந்தால் மாரிக்கு முன் நகர் முழுதும் தானே பெயரும். ஒரு கடப்பாரையும் வேண்டா. தராவிட்டால் கொற்றனின் வீரர்கள் வெறும் வீடுகளைப் பிரிக்க மாட்டார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர்கள்மேல் கூரையைத் தள்ளுவார்கள். இம்மக்கள் எழுந்திருக்க மாட்டார்கள். அவர்களோடு அடியேனும் உட்கார்ந்திருப்பேன் என்பதை அச்சுறுத்தலாகக் கொள்ளாமல் செய்தியாகக் கொள்க.

இனி முறைப்படி அறிவிப்பது. மறு ஓலை வரும்வரை துறைமேட்டைவிட்டு இறங்க வேண்டா என்று, தேவரீர் எனக்கு அளித்த முத்திரையிட்டு வேள் கொற்றனுக்கு ஆணை எழுதிவிட்டேன். எனக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதில் அவனுக்கு ஐயம், எனக்கும் ஐயம். அவன் நல்லவன், காத்திருக்கிறான். இது குற்றமாயின் தண்டம் என்னுடையது. அவன்மேலும் குடிகள்மேலும் சேரற்க. அம்மேட்டை மீளக் கொடுக்கும் ஆணையை எழுத்தரை விட்டு எழுதுவிக்காமல் திருக்கையாலேயே எழுதி அருள்க. அடித்த கை எழுதினால்தான் இங்கே செல்லும். ஓலை கொண்டுவரும் ஆளுக்குக் குதிரையும் உணவும் தந்து, நிறுத்தாமல் திருப்பி அனுப்புக.

நாரைக்கொடி தாழாதிருக்க. செங்கோல் கோணாதிருக்க. குன்றவாயிலின் பனி அரசியாரின் முழங்காலைத் தொடாதிருக்க. நகர்காண் முத்திரை இவ்விடத்தில் இடப்பட்டது. இது சேந்தன் எழுத்து.

முத்திரைக்குக் கீழே எழுதுவது வழக்கமில்லை என்பதை அறிவேன். தேவரீர் மேட்டைத் தந்தால், தாழிகளைப் பெயர்க்கும் நாளில் பூங்குழையை நானே சுமந்து மேடேற்றி, ஈரமண் குழைத்து அந்த வாயிலை அடைப்பேன். அன்று எந்நாட்டுத் தூதர் வந்து காத்திருந்தாலும் என்னை அழைக்க வேண்டா. அழைத்தாலும் வரமாட்டேன்.